போனில் பெகாசஸ் நுழைந்ததா? எம்விடி கருவி எந்த அளவுக்குக் கைகொடுக்கும்

இணைய உளவு பற்றி எழுதுகிற நிருபருக்கு அவருடைய சொந்த போனே சில சமயம் முக்கிய ஆதாரமாகிவிடும். அதைத் தோண்டிப் பார்க்க இலவசமாகக் கிடைப்பவற்றில் எம்விடி (மொபைல் வெரிஃபிகேஷன் டூல்கிட்) என்ற கருவிக்குத்தான் என் முதல் ஓட்டு. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய புலனாய்வு வெளியான 2021 ஜூலையில், மனித உரிமை அமைப்பான அம்னஸ்டியின் செக்யூரிட்டி லேப் இதை ஓப்பன் சோர்ஸாகக் கொடுத்தது. ஆன்டிவைரஸ் மாதிரி இது எதையும் தடுக்காது, அழிக்காது. நடந்து முடிந்த ஊடுருவலின் தடயத்தைத் தேடித் தரும், அவ்வளவுதான்.

பைத்தானில் எழுதப்பட்டது. லினக்ஸ், மேக் இரண்டிலும் நன்றாக ஓடும். கட்டளைகளை டைப் செய்து இயக்கும் டெர்மினல் பழக்கமில்லாதவர்கள் ஐமேசிங் மென்பொருளில் உள்ள ஸ்பைவேர் அனலைசரைப் பயன்படுத்தலாம். அந்தப் பகுதி இலவசம், எம்விடியை அடிப்படையாகக் கொண்டது, விண்டோஸிலும் ஓடும்.

சந்தேகம் வந்ததும் பலர் செய்யும் தவறு, போனை ஃபேக்டரி ரீசெட் செய்வது. தடயம் அதோடு போய்விடும். ஐபோன் என்றால் முதலில் பேக்கப் எடுங்கள். மேக்கின் ஃபைண்டரில் பேக்கப்புக்குப் பாஸ்வேர்ட் போடும் பெட்டியைக் கட்டாயம் டிக் செய்ய வேண்டும். சஃபாரி ஹிஸ்டரி, கால் ஹிஸ்டரி போன்றவை பாஸ்வேர்ட் போட்ட பேக்கப்பில்தான் இருக்கும். டிக்ரிப்ட் செய்த (பூட்டைத் திறந்த) நகலுக்கும் அதே அளவு இடம் வேண்டும், ஆகவே 60 ஜிபி பேக்கப் என்றால் 120 ஜிபிக்கு மேல் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மேக்கில் டெர்மினலுக்கு ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் கொடுக்காவிட்டால் பேக்கப் ஃபோல்டரையே திறக்க முடியாது.

அடுத்து மூன்று கட்டளைகள்: டவுன்லோட்-ஐஓசிஸ், டிக்ரிப்ட்-பேக்கப், செக்-பேக்கப். முதலாவதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். உளவு நிறுவனங்களின் டொமைன்கள் (இணைய முகவரிகள்), புராசஸ் (போனில் ஓடும் நிரல்) பெயர்கள் அடங்கிய பட்டியலை இறக்குவது அதுதான். பட்டியல் இல்லாமலும் கருவி ஓடும், கோப்புகளைப் பிரித்து வைக்கும். ஆனால் ஒப்பிட எதுவும் இல்லாததால் எச்சரிக்கை வராது, போன் சுத்தம் என்று தோன்றிவிடும். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பட்டியலைப் புதிதாக இறக்குங்கள்.

முடிவுகளில் நான் முதலில் திறக்கச் சொல்வது, நடந்தவற்றை நேர வரிசையில் காட்டும் டைம்லைன் கோப்பு. நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். மொராக்கோ பத்திரிகையாளர் ஒமர் ராடியின் ஐபோனில் அம்னஸ்டி கண்டது இதற்கு நல்ல பாடம். 2019 பிப்ரவரியில் சஃபாரியில் சந்தேகத்துக்குரிய ஒரு டொமைனின் தடயம் பதிவானது, அடுத்த சில நொடிகளில் ‘பிஹெச்’ என்ற புராசஸ் ஓடியது. இரண்டு வெவ்வேறு பதிவேடுகள் ஒரே நிமிடத்தில் சந்திக்கும் அந்த இடம்தான் செய்திக்கு உயிர். சுருக்கப்பட்ட லிங்க் உள்ள எஸ்எம்எஸ்ஸும் முடிவுகளில் கண்ணில் படும், அது வங்கி விளம்பரமாகக்கூட இருக்கலாம். அந்த ஒற்றை வரியை வைத்து யாரும் செய்தி எழுதக் கூடாது.

எச்சரிக்கையே வரவில்லை என்றால்? பட்டியலில் உள்ள எதுவும் இந்தப் பேக்கப்பில் அகப்படவில்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள். பொதுவெளிக்கு வராத தடயங்கள் ஆய்வகங்களின் கையில் இருக்கும். அரசு ஆதரவு பெற்றவர்கள் போனைக் குறிவைத்திருக்கலாம் என்று 2023 அக்டோபரில் ஆப்பிளின் எச்சரிக்கை பெற்ற இந்தியப் பத்திரிகையாளர்கள் ஆனந்த் மங்னாலே, சித்தார்த் வரதராஜன் இருவரின் ஐபோன்களையும் செக்யூரிட்டி லேப் நேரடியாக ஆராய்ந்துதான் அந்த டிசம்பரில் பெகாசஸை உறுதிசெய்தது. ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தால், எம்விடி என்ன சொன்னாலும் ஆய்வகத்துக்குப் போய்விடுங்கள்.

ஆண்ட்ராய்டில் பழைய பதிவுகள் அதிகம் தங்குவதில்லை, கிடைப்பது கொஞ்சம்தான். ஆண்ட்ராய்டுகியூஎஃப் என்ற கருவி கொண்டு தகவல் எடுத்து எம்விடியில் ஓட்டலாம், ஐபோன் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் எனக்குப் பெரிய கவலை, செய்தி கொடுத்தவர்களின் பாதுகாப்பு. டிக்ரிப்ட் செய்த ஃபோல்டரில் உங்கள் எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், தொடர்புகள் எல்லாம் பூட்டில்லாமல் கிடக்கும். முடிவுக் கோப்புகளிலும் அவற்றில் பல இருக்கும். என்க்ரிப்ட் செய்த வெளி டிஸ்க்கில் மட்டும் வேலை பாருங்கள், அலுவலகக் கணினியில் வேண்டாம். வேலை முடிந்ததும் டிக்ரிப்ட் செய்த நகலை அழித்துவிட்டு, பாஸ்வேர்ட் போட்ட மூலப் பேக்கப்பை மட்டும் வைத்திருங்கள். உதவிக்கு, டிஜிட்டல் உரிமை அமைப்பான அக்சஸ் நவ்வின் ஹெல்ப்லைன் 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. முதல் தொடர்பிலேயே கோப்புகளை அனுப்பாதீர்கள், எதை எந்த வழியில் அனுப்பலாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.