பழைய கிண்டில் வாங்கப் போகிறீர்களா? என் 165 வெள்ளி போன விதத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழ் படிக்க எந்த இ-ரீடர் (மின்னூல் படிக்கும் கருவி) வாங்கலாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வாங்கிப் பார்த்துவிட்டு விளக்கமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வாங்கியாயிற்று. பயன்படுத்தத்தான் வழியில்லை. 165 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) வாங்கிக்கொண்டு, யார் பேரிலோ முடக்கப்பட்ட ஒரு கிண்டிலை, அதாவது அமேசானின் இ-ரீடரை, என் தலையில் கட்டிவிட்டார்கள். வயிறு எரிகிறது. எதை வாங்கலாம் என்பது அப்புறம். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருக்கிறவர்களுக்குத் தெரியும், புத்தகம் அடுக்க இடமே கிடையாது. ஊரிலிருந்து தூக்கி வரலாம் என்றால் பெட்டியின் எடையில் பாதி அம்மாவின் பொடி டப்பாக்களுக்கே போய்விடும். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் வரத் தொடங்கிய பிறகு என் அமேசான் இந்தியக் கணக்கிலேயே வாங்கிச் சேர்த்து வந்தேன். எல்லாவற்றையும் கைப்பேசியில் கிண்டில் செயலியில் படித்துப் படித்துக் கண் எரிச்சல்தான் மிச்சம். கோபோ என்கிற இன்னொரு இ-ரீடர் வாங்கலாமா என்றும் யோசித்தேன். ஈபப் (பொதுவான மின்னூல் வடிவம்) கோப்புகளை நேராகத் திறக்கும், நல்ல கருவிதான். ஆனால் கிண்டிலில் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் அதில் திறக்காது. சிங்கப்பூர் நூலக வாரியத்தின் தமிழ் மின்னூல்களை லிப்பி செயலியில் இரவல் வாங்கலாம், ஆனால் லிப்பியிலிருந்து கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். ஆக, என் பழைய புத்தகங்களுக்காகவே கிண்டில் என்று முடிவானது.

கிண்டிலில் பேப்பர்வைட் என்று ஒரு மாடல். புதிய 7 அங்குல பேப்பர்வைட் 2025 ஏப்ரலில் இந்தியாவில் 16,999 ரூபாய்க்கு வந்தது. 2021இல் வந்த 6.8 அங்குலத்திலும் அதே 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) திரைதான், மஞ்சள் விளக்கு இருக்கிறது, யூஎஸ்பி-சி இருக்கிறது. படிக்க இது போதும், பழசே வாங்கலாம் என்று தேடினேன். கணக்கு சரியான கணக்குதான். கடைதான் சரியில்லை.

எந்தக் கடை என்று பெயர் சொல்லப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பழைய கைப்பேசி, டேப்லட் வாங்கி விற்கிற சின்னக் கடை. இணையத்தில் விளம்பரம் போட்டு, நேரில் வரச் சொல்லி விற்கிறார்கள். கடையில் இருந்தவர் நம்ம ஊர்க்காரர். என் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர், எத்தனை வருஷமாக இங்கே என்று விசாரித்தார். பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். இதெல்லாம் நல்ல மனுஷர் செய்வதுதான், ஏமாற்றுகிறவரும் செய்வார் போலிருக்கிறது.

“இதுல தமிழ் எழுத்து ஒழுங்கா தெரியுமா அண்ணே?” என்று கேட்டேன். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். கேட்பேன் என்று காத்திருந்தவர் மாதிரி கிண்டிலை எடுத்து ஒரு தமிழ் நாவலைத் திறந்து என் கையில் கொடுத்தார். கொம்பு, கால், புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் அச்சடித்ததுபோல் இருந்தன. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார், விளக்கை மஞ்சளாக்கிக் காட்டினார். திரையின் மேல் ஓரத்தில் குட்டியாக ஒரு விமானப் படம் தெரிந்தது. அது என்ன என்று கேட்டேன். “ஏர்பிளேன் மோட் சிஸ்டர், பேட்டரி மிச்சமாகும்னு போட்டு வெச்சிருக்கேன். வீட்டுக்குப் போய் வைஃபை போட்டு உங்க அக்கவுண்ட்ட போட்டுக்குங்க, அவ்வளவுதான்” என்றார். ஏர்பிளேன் மோடில் பேட்டரி மிச்சமாகும் என்பது உண்மை. உண்மையை வைத்தே பொய் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பின்பக்கத்தில் ஸ்டிக்கர் உரித்த பசை பிசுபிசுத்தது. கேட்டதற்கு “விலைச் சீட்டு ஒட்டியிருந்தோம்” என்று ஒரு துணியால் துடைத்துக் கொடுத்தார். யாருடைய பெயர் அதில் ஒட்டியிருந்ததோ.

180 சொன்னார், 165க்கு இறங்கினார். பேநவ்வில் (கைப்பேசி எண்ணுக்கே வங்கிப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பச் சொல்லி ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்தார். அனுப்பும் முன் திரையில் வந்த பெயர் கடையின் பெயர் இல்லை, ஏதோ ஒரு தனியாள். “முதலாளி நம்பர்தான் சிஸ்டர்.” 165 வெள்ளி போயிற்று. ரசீது கேட்டு வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் அதில் ‘பழைய டேப் 1’ என்று மட்டும் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தார். மாடல் இல்லை, வரிசை எண் இல்லை. கீழே ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று முத்திரை மட்டும் பளிச்சென்று.

வீட்டில் வைஃபை போட்டு என் கணக்கைப் பதிந்தால், இந்தக் கருவியைப் பதிவு செய்ய முடியாது, வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள் என்கிறது. சேவைக்கு அழைத்து வரிசை எண்ணைக் கொடுத்தேன். இந்தக் கருவி தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ முன்பு வைத்திருந்தவர் தெரிவித்திருக்கிறார், அவரே தொடர்புகொண்டால்தான் விடுவிக்க முடியும், அவர் யார் என்று உங்களிடம் சொல்ல இயலாது என்றார்கள். அவர்கள் சொல்வதில் தப்பு இல்லை. என் கிண்டில் தொலைந்திருந்தால் நானும் அதைத்தான் எதிர்பார்ப்பேன். ரீசெட் செய்தாலும் பயனில்லை. தடை கருவிக்குள் இல்லை, வரிசை எண்ணுக்கு எதிரே அவர்கள் சர்வரில் இருக்கிறது.

இப்போது புரிகிறதா அந்த விமானப் படம்? பதிவு செய்யாத கிண்டிலிலும் கேபிள் வழியே கோப்பை ஏற்றிப் படிக்கலாம். ஒரு நாவலை ஏற்றி, வைஃபையை அணைத்து வைத்துவிட்டால் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

கடைக்கு அழைத்தேன். முதலில் “உங்க வைஃபை சரியில்ல சிஸ்டர்.” கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் போட்டும் அதே கதை என்றதும் “சர்வர் டவுனா இருக்கும், நாளைக்குப் பாருங்க.” மறுநாள் “பையன் வரட்டும், அவனுக்குத்தான் தெரியும்.” பையன் வந்ததும் “முதலாளி ஊருக்குப் போயிருக்கார்.” வாட்ஸப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. நேரில் போய் நின்றேன். அன்றைக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்த மனுஷர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “நீங்க ரீசெட் பண்ணிட்டீங்களா? அப்போ நாங்க பொறுப்பில்ல” என்றார். அதுவும் பலிக்கவில்லை என்றதும், “படிக்கத்தானே வாங்கினீங்க, புத்தகம் தெரியுதுல்ல?”

அந்தக் கேள்விக்குக் கடையிலேயே பதில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். நான் வாங்கி வைத்திருக்கும் புத்தகங்கள் என் கணக்கில் இருக்கின்றன. முன்பெல்லாம் இணையதளத்திலிருந்து கணினிக்கு இறக்கி, கேபிளில் கருவிக்கு மாற்ற ஒரு வசதி இருந்தது. 2025 பிப்ரவரி 26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். கருவி என் கணக்கில் பதிவாகாவிட்டால் என் புத்தகம் ஒன்றுகூட அதற்குள் வராது. மதுரைத் திட்டம் என்கிற தமிழ் மின்னூல் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதை ஏற்றிச் சங்க இலக்கியம் படிக்கலாம்தான். அதற்கு 165 வெள்ளி எதற்கு?

கடைசியில் சமாதானம் பேசினார்கள். பணம் வராதாம், அதற்குப் பதிலாகக் கடையில் என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாமாம். ஒரு பவர் பேங்க்கையும் இரண்டு கைப்பேசி உறைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். அதிலும் ஒரு உறை என் கைப்பேசிக்கே பொருந்தாதது. எடுக்காமல் வந்துவிட்டேன். 165 வெள்ளி வேலை செய்யாமல் வருவதில்லை. நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை என்னுடையது.

வங்கியில் கேட்டதற்கு, நீங்களே அனுப்பிய பணம், பெற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றார்கள். போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். திருட்டுப் பொருளாக இருந்தால் அதைக் கையில் வைத்திருப்பதே வில்லங்கம். “நீயும் இன்னொருத்தர்கிட்ட தள்ளிவிட்டுடு” என்று அறைத்தோழி சொன்னாள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

ரசீதில் இருந்த அந்த ‘பணம் திரும்பத் தரப்படாது’ முத்திரையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை விற்பதற்கு எதிரான சட்டம்) இருக்கிறது, பழைய பொருளுக்கும் அது உண்டு. பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அது இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. தனியாள் தனியாளுக்கு விற்றால் மட்டும் இந்தச் சட்டம் துணைக்கு வராது. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்தித்துக் கைமாற்றிக்கொள்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். நான் பயனீட்டாளர் (நுகர்வோர்) சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். என்னைப்போல் சின்னத் தொகை கேட்கும் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான்.

விளக்கமாக எழுதுவதாகச் சொன்னது இப்போதைக்கு இவ்வளவுதான். ஏர்பிளேன் மோடை அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கடையில் நின்றபடியே உங்கள் கணக்கில் பதிவு செய்து, உங்கள் புத்தகம் ஒன்று இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கிய பிறகு பணம் கொடுங்கள். மறுத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சார்ஜ் போடும் துளை மைக்ரோ யூஎஸ்பி என்றால் அது 2021 பேப்பர்வைட் இல்லை, வேறெதையோ காட்டுகிறார்கள். பேநவ்வில் கடையின் பெயர் வராவிட்டால் அனுப்பாதீர்கள். ரசீதில் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள். எந்தக் கருவி, எந்த அளவு, எழுத்துரு எப்படி என்பதெல்லாம் என் பணம் வந்த பிறகு பேசலாம், இப்போது அதற்கு மனசு இல்லை.

165 வெள்ளி திரும்பி வந்தால் இங்கேயே கீழே எழுதுகிறேன். தருவதாகச் சொன்ன சார்ஜர் கேபிளையும் தரவில்லை. அதையும் புகாரில் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.