பாக்கெட் 4கே: கையில் காசு குறைந்த படக்குழுவை எங்கே தாங்கும், எங்கே கைவிடும்

தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, விற்பனைக்கு உத்தரவாதமும் இல்லை. இரண்டு பேர் ஓர் அறைக்குள் எட்டு நிமிடம் பேசும் காட்சியை நம்பி முழுநீளப் படம் எடுக்கிறார்கள். அடுத்த ஷெட்யூலுக்குப் பணம் வருமா என்பதே சந்தேகம். இப்படிப்பட்ட குழுக்கள் தேடிப்போகும் கேமராக்களில் ஒன்று பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே. 2018-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு எத்தனையோ மாடல்கள் வந்துவிட்டன. இருந்தும் பழைய கேமராவாகக் கைமாறும்போது இது இன்னும் வாங்கத்தக்க பொருளா என்ற கேள்வி நிற்கிறது. திருமண வீடியோவுக்கோ விளம்பரத்துக்கோ இது எப்படி என்பதை இங்கே பார்க்கவில்லை. இழந்த டேக்கைத் திரும்ப எடுக்க வசதியில்லாத டிராமாவுக்கு எப்படி என்பதுதான் கேள்வி.

படத்தின் தரத்தில் பெரிய குறை இல்லை. 4096க்கு 2160 அளவில் நொடிக்கு 60 ஃபிரேம் வரை எடுக்கும். பதிவு பிளாக்மேஜிக் ரா வடிவில், அதாவது நிறத்தையும் வெளிச்சத்தையும் பின்னால் திருத்த நிறைய இடம் விடும் கோப்பில். முகத்தின் நிறம் கலர் கரெக்‌ஷனில் இழுத்த இழுப்புக்கு வரும். பெட்டியோடு டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ உரிமமும் வருவதால் எடிட்டிங், கலர் இரண்டுக்கும் தனியாக மென்பொருள் வாங்க வேண்டாம். சின்னத் தயாரிப்புக்கு இது உண்மையான உதவி.

இரவுக் காட்சி எடுப்பவர்கள் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவு, பற்றி ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த சென்சாருக்கு இயல்பு ஐஎஸ்ஓ, அதாவது அது சிறப்பாக வேலை செய்யும் அளவு, இரண்டு: 400, 3200. 100 முதல் 1000 வரை முதலாவதைச் சார்ந்தது, 1250 முதல் மேலே இரண்டாவதைச் சார்ந்தது. அதனால் 1000-இல் எடுத்த நிழலைவிட 1250-இல் எடுத்த நிழல் சுத்தமாக இருக்கும். அதைக் கேட்டதும் எல்லா இருட்டுக் காட்சியையும் 1250-இல் வைத்துவிடுகிறார்கள். ஆனால் 1000-ஐத் தாண்டி 1250-க்குப் போனதும் வெளிச்சப் பக்கம் தாங்கும் அளவு சட்டென்று குறைந்துவிடும். ஃபிரேமுக்குள்ளேயே விளக்கு எரிகிறது என்றால் 1000-இல் அதன் வடிவம் மிஞ்சும், 1250-இல் வெள்ளைத் திட்டாகப் போகும். விளக்கு முக்கியமா, மூலையில் நிற்பவரின் முகம் முக்கியமா என்று காட்சிக்குக் காட்சி முடிவெடுங்கள்.

வெளிப்புறத்தில் வேறொரு தொல்லை. கேமராவுக்குள் என்டி ஃபில்டர் (நிறத்தை மாற்றாமல் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) கிடையாது. வெளியே சாதாரண என்டியை அடுக்கினால், அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்குமே தவிர அகச்சிவப்பைத் தடுக்காது. ஆறு ஸ்டாப் அளவுக்குப் போகும்போது (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) கறுப்புத் துணி பழுப்பாகத் திரும்பும். எல்லாக் கறுப்பும் ஒரே மாதிரி திரும்பினால் சரிசெய்துவிடலாம். பருத்தி ஒரு மாதிரி, செயற்கை நூல் இன்னொரு மாதிரி திரும்புவதால்தான் பின்னால் திருத்த முடிவதில்லை. அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐஆர் என்டிகளை மட்டும் வாங்குங்கள். நெருக்கமான கட்டம் போட்ட சட்டையையும் உடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த சென்சாரின் முன்னால் நுண்ணிய கோடுகளை மென்மையாக்கும் ஆப்டிகல் லோ பாஸ் ஃபில்டர் இல்லை, கட்டங்கள் நெளிந்து மின்னும்.

இனி கேமரா உண்மையிலேயே கைவிடும் இடங்கள். முதலாவது மின்சாரம்.

உள்ளே போடுவது எல்பி-ஈ6 வகை பேட்டரி, ஏறத்தாழ 14 வாட்-மணி. வெளியே மாட்டும் எஸ்எஸ்டி சேமிப்பு டிஸ்க்கையும் சேர்த்தால் கேமரா 20 வாட் அளவில் இழுக்கும். கணக்கு 40 நிமிடம் அளவில்தான் வரும். பழைய பேட்டரி என்றால் அதுவும் இல்லை. இதைவிட மோசமானது திரையில் காட்டும் சதவீதம். மலிவான மாற்று பேட்டரிகளில் அந்த எண் நம்பத்தக்கதல்ல. 20-க்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமரா அணைந்துவிடக் கூடும். நடிகர் ஐந்து நிமிடம் உள்ளே இறங்கிப் போய் அழும் கட்டத்தில் இது நடந்தால் அந்த டேக் போனது போனதுதான். அதே ஆழத்துக்கு அவரை மறுபடி இறக்க யாராலும் முடியாமல் போகலாம்.

தீர்வு வி-மவுண்ட் பேட்டரி, அதாவது கேமராவுக்கு வெளியே மாட்டும் பெரிய பேட்டரி. 98 வாட்-மணி அளவில் மூன்று வாங்குங்கள், மானிட்டரும் வயர்லெஸ் கருவியும் அதிலேயே ஓடும் என்றால் நான்கு. 100 வாட்-மணிக்குக் கீழே இருப்பதால் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோகலாம். அந்தப் பேட்டரியின் மின் துளையான டி-டேப்பிலிருந்து கேமராவின் 12 வோல்ட் துளைக்கு வரும் கேபிளின் முனை பூட்டிக்கொள்ளும் வகையில் இருக்க வேண்டும். உள்ளே ஓர் எல்பி-ஈ6 எப்போதும் முழு சார்ஜில் கிடக்கட்டும். பெரிய பேட்டரியை மாற்றும் நேரத்தில் கேமரா அதற்குத் தாவிக்கொள்ளும்.

இரண்டாவது சேமிப்பு. இங்கேதான் பட்ஜெட் போடுபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முழு 4கே அளவில், 24 ஃபிரேமில், 8:1 சுருக்கத்தில் நொடிக்குச் சுமார் 41 எம்பி, அதாவது மணிக்கு 147 ஜிபி. 5:1 என்றால் மணிக்கு 233 ஜிபி. 3:1 என்றால் 389. நூறு நிமிடப் படத்தை பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் எடுத்தால் மொத்தம் ஆயிரம் நிமிட ஃபுட்டேஜ். 8:1-இல் அது கிட்டத்தட்ட 2.45 டிபி. மூன்று பிரதி வைக்க 7.4 டிபி வேண்டும். அதையே 5:1-இல் எடுத்தால் 11.7 டிபி. ஒளிப்பதிவாளர் முதல் நாள் “இன்னும் கொஞ்சம் தரமாக எடுப்போம்” என்று 5:1-க்கு மாற்றுவார். படப்பிடிப்பின் நடுவில் டிஸ்க் நிரம்பும். பழைய பிரதியை அழித்து இடம் தேடும் அவலம் அங்கேதான் ஆரம்பிக்கும். பேச்சுக் காட்சிகளுக்கு 8:1 தாராளமாகப் போதும். க்யூ0, க்யூ5 என்ற நிலைத்தர முறைகளில் கோப்பின் அளவு காட்சிக்கேற்ப மாறும். டிஸ்க்கை எண்ணி வாங்கும் குழு அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

யூஎஸ்பி-சி வழியாக நேரே எஸ்எஸ்டியில் எழுதுவது இந்தக் கேமராவின் பெரிய வசதி, பெரிய ஓட்டையும் அதுவே. அந்தத் துளைக்குப் பூட்டு கிடையாது. தோளில் வைத்து நடக்கும்போது கேபிள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பதிவு நிற்கும். கேஜோடு, அதாவது கேமராவைச் சுற்றி மாட்டும் உலோகச் சட்டத்தோடு, கேபிளை இறுக்கும் கிளாம்ப் கட்டாயம். கேபிள் குட்டையாக, வளைந்த முனையோடு இருந்தால் இன்னும் நல்லது. டிஸ்க்கை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஃபார்மேட் வகைகளில் எக்ஸ்ஃபேட் எல்லாக் கணினியிலும் திறக்கும், ஆனால் எழுதும் நடுவில் மின்சாரம் போனால் சேதம் அதிகம். மேக் கணினி மட்டுமே இருக்கும் குழு ஓஎஸ் எக்ஸ் எக்ஸ்டெண்டட் வடிவைத் தேர்ந்தால் மீட்க வாய்ப்பு கூடும்.

மெனுவில் ஃபிரேம் விடுபட்டால் எச்சரிப்பதா, பதிவை நிறுத்துவதா என்று ஒரு தேர்வு உண்டு. சோதனையின்போது ‘நிறுத்து’ என்று வைத்து, ஒவ்வொரு டிஸ்க்கிலும் இடைவிடாமல் 40 நிமிடம் எழுதிப் பாருங்கள். சூடேறியதும் வேகம் குறையும் டிஸ்க் அங்கேயே சிக்கிவிடும். செட்டில் ‘எச்சரி’ என்று மாற்றிவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரை நிறுத்துங்கள். இரண்டு ஃபிரேம் விடுபட்ட நல்ல நடிப்பை எடிட்டில் எப்படியாவது காப்பாற்றலாம், பாதியில் வெட்டுப்பட்டதைக் காப்பாற்ற முடியாது. நாள் முடிந்ததும் ரிசால்விலேயே இருக்கும் குளோன் டூலில் செக்சம் சரிபார்ப்போடு (பிரதி அசலோடு அப்படியே பொருந்துகிறதா என்ற சோதனை) இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளுக்குப் பிரதி எடுங்கள், மூன்றாவது வேறு கட்டடத்துக்குப் போகட்டும். எடிட்டர் திறந்து பார்த்துச் சொல்லும்வரை எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள்.

ஃபோகஸ் மூன்றாவது. நகரும் ஆளைத் தொடரும் ஆட்டோஃபோகஸ் இல்லை, சென்சார் ஸ்டெபிலைசேஷனும் இல்லை. ஐந்து அங்குலத் திரை தெளிவானது, ஆனால் மடங்காது. கேமரா தரைமட்டத்தில் இருந்தாலோ தலைக்கு மேலே போனாலோ அதைப் பார்க்கவே முடியாது. ஆக வெளி மானிட்டர் ஒன்று, ஃபோகஸை மட்டும் கவனித்துத் திருப்பும் ஃபோகஸ் புல்லர் ஒருவர் என்று பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். ஃபோகஸ் புல்லர் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதுதான் இந்தக் கேமராவோடு செய்யும் மிக மோசமான சிக்கனம். அடாப்டர் வழியாகக் கனமான லென்ஸ் மாட்டினால் மவுண்டில் ஆட்டம் வரும், ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது படமே அசையும். 15 மில்லிமீட்டர் ராடு போட்டு லென்ஸைக் கீழிருந்து தாங்குங்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் 0.71 அல்லது 0.64 மடங்கு ஸ்பீட் பூஸ்டர் பார்வைப் பரப்பை அகலமாக்கி, ஒரு ஸ்டாப்பும் அதற்குச் சற்று மேலும் ஒளி தரும். இருட்டறையில் அது பெரிய வித்தியாசம்.

ஒலிக்கு இதை நம்ப வேண்டாம். மினி எக்ஸ்எல்ஆர் மைக் துளையில் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் உண்டு, அவசரத்துக்கு ஆகும். முறையான பதிவு தனி ரெக்கார்டரில்தான். 3.5 மில்லிமீட்டர் துளை வழியாக டைம்கோடை (ஒவ்வொரு ஃபிரேமுக்குமான நேர முத்திரை) உள்ளே அனுப்பினால் எடிட்டில் ஒலியும் படமும் நொடியில் பொருந்தும்.

எல்இடி விளக்கு துடிப்பைப் பற்றி ஒரு வரி: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 24 ஃபிரேம் எடுத்தால் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 172.8 டிகிரியில் வையுங்கள், 60 ஹெர்ட்ஸில் 144.

பழையதாக வாங்குபவர்கள் யூஎஸ்பி-சி துளையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கேபிளை மாட்டி, பதிவை ஓடவிட்டு, முனையை மெதுவாக நான்கு பக்கமும் அசைத்துப் பாருங்கள். பதிவு நின்றால் வேண்டாம். பிறகு 12 வோல்ட் துளை, மவுண்ட் ஆட்டம், லென்ஸை மூடிவைத்து 3200-இல் எடுத்த கறுப்பில் எரியும் பிக்சல்கள். இரண்டு கேமரா என்றால் இரண்டிலும் ஒரே ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) பதிப்பு இருக்கட்டும். படம் முடியும்வரை அதை மாற்றாதீர்கள். 2021-இல் வந்த 6கே புரோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதையே எடுங்கள். உள்ளேயே என்டி, மடங்கும் திரை, பெரிய சென்சார் என மேலே சொன்ன பாதித் தொல்லைகள் அதில் இல்லை. யூஎஸ்பி-சி கிளாம்ப் மட்டும் அதற்கும் வேண்டும்.