கியூ-காலர்: கழுத்துப் பட்டையை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்?

அமெரிக்க ஃபுட்பால் ஆடும் என் மகனுக்காக ஏறக்குறைய 200 டாலர் கொடுத்து வாங்கிய கியூ-காலரை அவன் ஓர் ஆட்டப் பருவம் முழுவதும் அணிந்து ஆடிவிட்டான். தொண்டைப் பக்கம் திறந்திருக்கும் லாட வடிவப் பட்டை அது. கழுத்தை அளந்து சரியான அளவை வாங்கினால் சில நாட்களில் பழகிவிடுகிறது. ஹெல்மெட்டுக்கும் தோள் கவசத்துக்கும் இடைஞ்சலாக இல்லை. அணிவதில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் வாங்கும் பெற்றோர் கேட்க வேண்டியது, இது மூளையைக் காக்கிறதா என்பதைத்தான். கழுத்துச் சிரைகளை இலேசாக அழுத்தினால் மண்டைக்குள் ரத்தம் சற்றே கூடும், அதனால் மோதலின்போது மூளை குலுங்குவது குறையும் என்பது இதன் அடிப்படை. ஓயாமல் மரத்தைக் கொத்தியும் மூளை பாதிக்கப்படாதது என்று இதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்பட்ட மரங்கொத்தியோ இப்போது அவ்வளவு துணை நிற்கவில்லை: அதன் மூளையில், மனிதர்களில் மூளைச் சிதைவின் அடையாளமாகக் கருதப்படும் டௌ புரதம் சேர்ந்திருப்பதை 2018-இல் ஓர் ஆய்வு கண்டது, அதன் தலை அதிர்ச்சியை உறிஞ்சும் மெத்தை அல்ல, விறைப்பான சுத்தியல் என்று 2022-இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 பிப்ரவரியில் 13 வயதும் அதற்கு மேலும் ஆன வீரர்களுக்கு இதை அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 284 பள்ளி வீரர்கள் இருந்தனர். பட்டை அணியாத 145 பேரில் 73 சதவீதத்தினருக்குப் பருவ முடிவில் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளைத் திசு மாற்றம் தெரிந்தது. அணிந்த 139 பேரில் 77 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இது ஊக்கம் தரும் முடிவுதான். ஆயினும் மூளையதிர்ச்சியையோ தலைக் காயத்தையோ இது தடுக்கும் என்பதற்கு அந்த ஆய்வு சான்றாகாது என்று அந்த நிர்வாகமே தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறது.

படத்தில் தெரியும் அந்த மாற்றத்துக்கும், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருகிற, பெற்றோர் உண்மையில் அஞ்சுகிற சி.டி.இ. என்னும் நாள்பட்ட மூளைச் சிதைவு நோய்க்கும் இடையிலுள்ள தொலைவை விளம்பரம் படிக்கும்போது மறந்துவிடக் கூடாது. 2002-இல் 50 வயதில் இறந்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஃபுட்பால் அணி வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் நோயியல் மருத்துவர் பென்னட் ஓமலு கண்டு 2005-இல் வெளியிட்ட இந்நோயை, இறந்த பிறகு மூளைத் திசுவை ஆராய்ந்துதான் உறுதிசெய்ய முடிகிறது. 2017-இல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில் என்.எஃப்.எல். என்னும் அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கில் ஆடியவர்களின் 111 மூளைகளில் 110-இல் நோய் காணப்பட்டது. எனினும் அவற்றில் பல, அறிகுறிகளைக் கண்டு கவலைப்பட்ட குடும்பங்கள் தானமாக அளித்தவை என்பதால், எல்லா வீரர்களுக்கும் அந்த விகிதத்தைப் பொருத்த முடியாது. இதைச் சுற்றித்தான் சர்ச்சை இன்றும் நடக்கிறது. என்னை அதைவிட அதிகமாக உலுக்கியது அதே குழுவினர் 266 மூளைகளை ஆராய்ந்து கண்டறிந்த செய்தி: ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் நோய்க்கான சாத்தியம் சுமார் 30 சதவீதம் கூடுகிறது. மயங்கி விழவைத்த ஓரிரு மோதல்களைவிட, அறிகுறியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த சிறு மோதல்களே கணக்கில் பெரிதாக நிற்கின்றன.

ஆகவே, கண் அழுத்த நோயோ வலிப்போ இல்லாத, ஏற்கெனவே ஆடுவதென்று முடிவெடுத்துவிட்ட பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்டு இதை வாங்கலாம். இது இருக்கிறதே என்ற தைரியத்தில் இன்னொரு பருவம் ஆட விடுவதற்காக வாங்கக் கூடாது. அடுத்த பருவத்துக்கு முன் நான் பயிற்சியாளரிடம் கேட்டது, வாரத்தில் எத்தனை நாள் மோதல் பயிற்சி நடக்கும் என்பதை மட்டுமே.