க்ளையன்டிடம் வாங்கும் கட்டணம் ஏறினால் நம் கையில் என்ன மிஞ்சும்? அப்வொர்க், ஃபைவர், ஃப்ரீலான்சர் டாட் காம்: ஓர் ஒப்பீடு

ஃப்ரீலான்ஸ் தளங்களை (தனியாக வேலை செய்பவரையும் வேலை கொடுக்கும் க்ளையன்டையும் சேர்த்துவைக்கும் இணையதளங்கள்) ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது ஃப்ரீலான்சரிடம் பிடிக்கும் கமிஷனை. ஃபைவரில் 20%, ஃப்ரீலான்சர் டாட் காமில் 10%, அப்வொர்க்கில் 2025 மே முதல் 0 முதல் 15% வரை. அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் கணக்கு தப்பும். க்ளையன்டிடம் தனியாக வாங்குகிற கட்டணமும் அதே பட்ஜெட்டிலிருந்துதான் போகிறது. மொத்தம் 500 டாலர்தான் என்று முடிவு செய்துவிட்டவர், தளத்துக்குப் போவதைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் நம்மிடம் பேரம் பேசுவார். அவர் செலுத்தும் தொகைக்கும் நம் கணக்கில் விழும் தொகைக்கும் நடுவே எவ்வளவு கரைகிறது என்பதுதான் உண்மையான ஒப்பீடு.

க்ளையன்ட் பக்கம் இப்படி இருக்கிறது. ஃப்ரீலான்சர் டாட் காம், நிலையான விலை வேலைக்கு 3% அல்லது 3 டாலர், எது அதிகமோ அதை எடுக்கும். ஃபைவர் 5.5% எடுக்கும், சின்ன ஆர்டர் என்றால் அதற்கு மேல் இரண்டு மூன்று டாலர் சேரும். அப்வொர்க்கில் 5% என்று வைத்துக் கணக்கிடலாம். க்ளையன்டின் திட்டத்தையும் பணம் செலுத்தும் முறையையும் பொறுத்து அது மாறும். இதோடு ஒவ்வொரு புது கான்ட்ராக்டுக்கும் ஒரு தொடக்கக் கட்டணம் உண்டு. முதலில் 4.95 டாலராக இருந்ததை, பிறகு 14.99 டாலர் வரை போகும்படி மாற்றினார்கள்.

எல்லாம் சேர்த்து 500 டாலர் என்றால்:

ஃப்ரீலான்சர் டாட் காம்: கையில் சுமார் 437 டாலர்.
அப்வொர்க் (10% கமிஷன், 4.95 தொடக்கக் கட்டணம்): சுமார் 424.
அப்வொர்க் (15% கமிஷன், 14.99 தொடக்கக் கட்டணம்): சுமார் 393.
ஃபைவர்: சுமார் 379.

அதே க்ளையன்டிடம் 40 டாலர்தான் இருக்கிறது என்றால் வித்தியாசம் சுருங்கிவிடும். ஃப்ரீலான்சர் டாட் காமில் நம் பக்கமும் குறைந்தபட்சம் 5 டாலர் என்பதால் 40-ல் 8 போய் 32 மிஞ்சும். அப்வொர்க்கில் 4.95 தொடக்கக் கட்டணமும் 10% கமிஷனும் என்றால் 30, ஃபைவரில் 28. எங்கே போனாலும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு காலி. சின்ன வேலையைத் தின்பது சதவீதம் மட்டுமல்ல, நிலையான தொகையாக வாங்கும் கட்டணங்களும்தான்.

அப்வொர்க்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு: கனெக்ட்ஸ், அதாவது வேலைக்கு விண்ணப்பிக்கக் காசு கொடுத்து வாங்கும் டோக்கன்கள். ஒன்று 0.15 டாலர். ஒரு ப்ரொபோசலுக்கு (விண்ணப்பத்துக்கு) 16 கனெக்ட்ஸ் என்றால் 2.40 டாலர்; இருபது அனுப்பி ஒன்று கிடைத்தால் அந்த ஒரு வேலைக்கு 48 டாலர் முன்கூட்டியே செலவாகியிருக்கும். 500 டாலர் வேலையில் இது கிட்டத்தட்ட இன்னொரு 10% கமிஷன். இதைச் சேர்த்தால், ஃபைவரின் 20% சிலருக்கு மலிவாகக்கூட அமையும். அங்கே கிக் (என்ன வேலை, என்ன விலை என்று சொல்லும் விளம்பரம்) போட்டுவிட்டால் ஆர்டர் தேடி வரவேண்டும், ஏலம் கேட்கச் செலவில்லை.

நீண்ட கால க்ளையன்ட் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அப்வொர்க் 2016-ல் கொண்டுவந்த முறையில் ஒரே க்ளையன்டிடம் முதல் 500 டாலருக்கு 20%, 10,000 வரை 10%, அதற்கு மேல் 5%. ஒருவரிடம் 20,000 டாலர் சம்பாதித்தால் மொத்த கமிஷன் 1,550. 2023-ல் எல்லாவற்றுக்கும் 10% என்று ஆனபோது அதே வருமானத்துக்கு 2,000. இப்போது 15% விழுந்தால் 3,000. 2023 மாற்றத்தில் புதியவருக்கு முதல் 500 டாலரில் 50 டாலர் மிச்சமானது உண்மை. ஆனால் பழைய உறவைத் தளத்திலேயே வைத்திருக்க இருந்த ஒரு பெரிய பணக் காரணம் போய்விட்டது.

க்ளையன்ட் கட்டணம் ஏறும்போது முதலில் அடி வாங்குவது சோதனை வேலை. மூன்று பேருக்கு ஆளுக்கு 20 டாலர் கொடுத்துப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தவர், இப்போது மூன்று தொடக்கக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் நல்ல ரிவ்யூ அதிகமுள்ள ஒருவரையே நேராக எடுத்துவிடுகிறார். புதிதாக வருபவருக்குக் கதவு இங்கேதான் குறுகுகிறது. இதற்கு மாற்று: சோதனையைத் தனி கான்ட்ராக்டாக வைக்காமல், முழு வேலையின் முதல் மைல்ஸ்டோனாக (தனியாகப் பணம் பெறும் கட்டமாக) ப்ரொபோசலிலேயே எழுதிக் காட்டலாம். பிடிக்காவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற வரியும் சேர்ந்தால் க்ளையன்டுக்குத் தயக்கம் குறையும். அடுத்தடுத்த வேலைகளுக்கும் அதே கான்ட்ராக்டில் புது மைல்ஸ்டோன் சேர்க்கச் சொல்லுங்கள். முடித்து மூடிவிட்டுப் புது கான்ட்ராக்ட் திறந்தால் மறுபடி கட்டணம். ஃபைவரில் இதற்கு ஈடானது, மூன்று சின்ன ஆர்டர்களை ஒரே தனி ஆஃபராகக் கட்டிக்கொடுப்பது.

விலை சொல்லும்போது வழக்கமாக நடக்கும் பிழை: கையில் 100 வேண்டும், கமிஷன் 20%, ஆகவே 120 என்று போடுவது. கிடைப்பது 96. வகுக்க வேண்டும்: 100-ஐ 0.80-ஆல் வகுத்தால் 125. ஃபைவரில் க்ளையன்ட் கட்டுவது சுமார் 132. 10% தளத்தில் 111.11 போட வேண்டும். ஃப்ரீலான்சர் டாட் காமில் அது க்ளையன்டுக்கு 114.44 ஆகும். அப்வொர்க்கில் எந்தச் சதவீதம் என்பது ப்ரொபோசல் அனுப்பும் முன்பே திரையில் தெரியும், அந்த கான்ட்ராக்ட் முடியும்வரை மாறாது. பார்த்துவிட்டு விலை போடுங்கள்.

ஃப்ரீலான்சர் டாட் காம் எண்களில் முந்தினாலும் ஒரு பொறி இருக்கிறது. நிலையான விலை வேலையை ஏற்றுக்கொண்ட நொடியிலேயே கமிஷன் பிடிக்கப்படும், பணம் வந்த பிறகு அல்ல. 1,000 டாலர் வேலைக்கு 100 டாலர் போய்விட்ட பின் க்ளையன்ட் காணாமல் போனால், அதை மீட்க நாம்தான் அலைய வேண்டும். முதல் மைல்ஸ்டோனுக்குப் பணம் போடத் தயாரா என்று கேட்டு உறுதி செய்யாமல் ஏற்க வேண்டாம். பெரிய வேலையென்றால், முதல் பகுதியை மட்டும் ஒரு ப்ராஜெக்டாக ஏற்பது பாதுகாப்பு.

கட்டணம் ஏறியதும் க்ளையன்டே "வெளியே வைத்துக்கொள்ளலாமா" என்று கேட்பார். அப்வொர்க்கில் சந்தித்தவரோடு 24 மாதம் தளத்துக்கு உள்ளேதான் பணப் பரிமாற்றம் நடக்க வேண்டும். முன்னதாக வெளியேற வேண்டுமென்றால் க்ளையன்ட் ஒரு மாற்றுக் கட்டணம் கட்ட வேண்டும். மீறினால் கணக்கு முடங்கும், அதோடு எஸ்க்ரோவும் (வேலை முடியும்வரை க்ளையன்டின் பணத்தைத் தளம் பிடித்துவைக்கும் ஏற்பாடு) மணிநேர வேலைக்கான பணப் பாதுகாப்பும் போகும். ஆகவே ஒவ்வொரு க்ளையன்டையும் முதலில் சந்தித்த தேதியைக் குறித்து வையுங்கள். 24 மாதம் முடிந்ததும் சொந்த இன்வாய்ஸுக்கு மாறலாம், ஆனால் அங்கே எஸ்க்ரோ இல்லை; 30 முதல் 50% முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.