தமிழில் சிற்றிதழ் அச்சடிக்கக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு: கட்டின் அடியிலிருந்து ஒரு பிரதியை உருவிப் பாருங்கள்

கொழும்பில் தமிழில் சிற்றிதழோ கையேடோ அச்சுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் காசைக் கையில் எடுக்கும் முன் இதை வாசியுங்கள். எங்களை ஏமாற்றிய அச்சகத்தின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும். ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

நானும் என் தோழியும் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சிறு வியாபாரிகளுக்காக ஒரு சிற்றிதழ் தயாரித்தோம். ஏ5 அளவு, 24 பக்கம், நடுவில் பின். விஷயம் கொன்டென்ட் மார்க்கெட்டிங், அதாவது பயனுள்ள விஷயத்தைச் சொல்லிக்கொடுத்து வாடிக்கையாளரைச் சேர்ப்பது. வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறவர்கள், சாரி பிளவுஸ் தைக்கிறவர்கள், மசாலாத் தூள் பொதி செய்கிறவர்கள் எல்லோரும் முகப்புத்தகத்தில் 'பூஸ்ட்' போட்டே, அதாவது பதிவைப் பரப்பக் கட்டணம் கட்டியே, காசைக் கரைக்கிறார்கள். விலை கேட்கிற வாடிக்கையாளருக்கு 'இன்பொக்ஸ்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடுகிறார்கள். பொருளைப் பற்றி உருப்படியாக நாலு விஷயம் சொல்லிக்கொடுங்கள், சனம் தானாக உங்களைத் தேடி வரும் என்பதுதான் எங்கள் பேச்சு. 1895 இல் ஜோன் டியர் நிறுவனம் கலப்பையை விற்க விளம்பரத்தோடு நிற்காமல், விவசாயம் சொல்லிக்கொடுக்கும் சஞ்சிகை ஒன்றையே அச்சிட்டு விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதை முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தோம்.

ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே எழுதுவதற்குக் கோடு விட்டிருந்தோம். "இந்தக் கிழமை வாடிக்கையாளர்கள் உங்களிடம் அதிகம் கேட்ட கேள்வி என்ன?" என்று கேட்டு, பதில் எழுத இடம். பிளவுஸ் துணி சுருங்குமா என்று நாலு பேர் கேட்டிருந்தால், உங்கள் அடுத்த பதிவு அதுதான். காசு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பேனையோடு கிடக்க வேண்டிய புத்தகம் இது. அந்தக் கோடுகளுக்காகத்தான் ஃபோனில் அனுப்பாமல் அச்சுக்கே போனோம்.

அச்சகத்தில் காட்டிய மாதிரிப் பிரதி அருமையாக இருந்தது. உள்ளே 100 ஜிஎஸ்எம் தாள், மட்டைக்கு 250 ஜிஎஸ்எம் போர்ட். (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு.) எங்கள் பிடிஎஃப்பை வைத்து, சரிபார்க்க எடுத்துத் தந்த ப்ரூஃபிலும் (முன்னோட்டப் பிரதி) ஒரு பிழை இல்லை. கையொப்பம் வைத்து, 300 பிரதிக்கு ஓர்டர் கொடுத்துப் பாதிப் பணம் கட்டினோம். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "முழுசா முடிய பில் போட்டுத் தாறன் தங்கச்சி" என்று சொல்லி எஸ்டிமேட் துண்டில் தொகையை எழுதித் தந்தார் அச்சகக்காரர். பக்க எண்ணிக்கையும் தாளின் ஜிஎஸ்எம்மும் வட்ஸ்அப்பில் அவரே அனுப்பியிருந்தார். இப்போது எங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அந்தச் செய்திதான்.

பொதிகள் வந்தன. எந்தக் கட்டைப் பிரித்தாலும் மேலே இருந்த பிரதிகள் ப்ரூஃப் மாதிரியே சுத்தமாக இருந்தன. மிச்சப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு கேக் செய்யும் ஓர் அக்கா தொலைபேசியில் எடுத்து, "இதில என்ன எழுதியிருக்கெண்டே விளங்கேல்லையே பிள்ளை" என்றார். ஓடிப்போய்க் கட்டின் அடியிலிருந்து ஒன்றை உருவினேன்.

'கேளுங்கள்' என்ற சொல் 'ேகளுங்கள்' என்று கிடந்தது. கொம்பெல்லாம் எழுத்தை விட்டுக் கழன்று, ஏதோ ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. வாடிக்கையாளர், விலை, பொருள் எல்லாச் சொல்லிலும் இதே கதி. கியூஆர் குறியீட்டைச் சின்ன விரல் நகத்தளவுக்குச் சுருக்கி, சுற்றிலும் இருக்க வேண்டிய வெள்ளை இடத்தையும் வெட்டியிருந்தார்கள். எந்த ஃபோனாலும் அதை வாசிக்க முடியவில்லை. எழுதுவதற்கு விட்ட கோடுகள் ஒன்றுகூட இல்லை. பக்கத்தை எண்ணினேன். இருபதுதான் இருந்தது.

இது கைதவறி நடந்தது அல்ல என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பினால் தமிழ் உடையாது; ப்ரூஃபில் உடையவும் இல்லை. பிடிஎஃப்பிலிருந்து எழுத்தைப் பிரதியெடுத்து வேறு மென்பொருளில் ஒட்டும்போதுதான் கொம்பு இடம் மாறும். அப்படி ஏன் ஒட்ட வேண்டும்? ஒரு ஏ4 தாளை மடித்தால் ஏ5 இல் 4 பக்கம். 24 பக்கத்துக்கு 6 தாள், 20 பக்கத்துக்கு 5 தாள். கோடுகளைத் தூக்கி, எழுத்தைச் சிறிதாக்கி, எல்லாவற்றையும் மேலே இழுத்தால் பிரதிக்கு ஒரு தாள் மிச்சம். 2022 இல் டொலர் இல்லாமல் தாள் இறக்குமதி நின்றபோது மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு தாள் என்ன விலை என்று அச்சகத்துக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு தாளுக்காகத்தான் எங்கள் உழைப்பைச் சிதைத்தார்கள்.

தாளிலும் கை வைத்திருந்தார்கள். கேக் அக்காவின் தராசில், பின்னைக் கழற்றி, மட்டையை ஒதுக்கி, உள் தாள்களை மட்டும் வைத்தோம். 100 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஆறே கால் கிராம் அளவில் நிற்கும். ஆறு தாளுக்கு 37 கிராம் காட்ட வேண்டும், ஓரம் வெட்டியதற்குக் கொஞ்சம் குறையலாம். தராசு காட்டியது 21. ஐந்து தாளுக்கு 21 என்றால் 70 ஜிஎஸ்எம் தாள். பேனையால் எழுதினால் மை மறுபக்கம் தெரிகிற தாள்.

கேட்கப் போனோம். அச்சகக்காரர் சொன்னார்: "தமிழ் எண்டா பிரெஸ்ஸில இப்பிடித்தான் வரும். ஆரு எழுத்தெழுத்தாப் பாக்கப் போறாங்க? அந்தப் பக்கங்களில வெறும் கோடுதானே இருந்திச்சு." கோபத்தில் எனக்கு வாய் வரவில்லை. தோழிதான் கையொப்பமிட்ட ப்ரூஃபை மேசையில் விரித்து, இதில் ஏன் தமிழ் ஒழுங்காக வந்தது என்று கேட்டாள். பதில் இல்லை. தமிழ் இப்படித்தான் வரும் என்று எந்த அச்சகம் சொன்னாலும் நம்பாதீர்கள், அது பச்சைப் பொய். இந்த நகரத்தில் தினமும் தமிழ்ப் பத்திரிகை அச்சாகிறது, பாடப் புத்தகம் அச்சாகிறது. நம் சனத்தில் பாதிப்பேர் இந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவதால்தான் இவர்களுக்கு இவ்வளவு துணிவு.

இனிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு: ப்ரூஃபைத் திரையில் பார்த்து ஓம் சொல்லாதீர்கள். அச்சடிக்கப் போகிற அதே தாளில் எடுத்துத் தரச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வைத்து, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கம், ஜிஎஸ்எம், "கொடுத்த பிடிஎஃப்பில் எந்த மாற்றமும் செய்வதில்லை" என்ற வரி, மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். வேலையை வேறு இடத்துக்குக் கைமாற்றிவிடுவார்களா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். மிச்சப் பணம் கொடுக்கும் முன் கட்டின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து, பக்கத்தை எண்ணி, கியூஆரை ஸ்கான் பண்ணுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கலாம். ஆனால் எடுத்துச் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளையோ சேவையையோ பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நாங்கள் ப்ரூஃப், கெட்ட பிரதி, வட்ஸ்அப் செய்திகள், தராசுப் படம் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்திருக்கிறோம்.

எழுத்து உடைந்த பிரதி கைக்கு வந்தவர்கள் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குத் தந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்வோம், முறைப்பாட்டுக்கு அவை தேவை. வேறோர் இடத்தில் மறுபடி அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம். 24 பக்கமும், கோடுகளோடு, உங்களுக்கு இலவசமாக வந்து சேரும்.