வீட்டில் அல் பாஸ்டோர் சுட: ஓவனா, மோட்டாரா, கரி அடுப்பா?

அல் பாஸ்டோர் என்பது ட்ரோம்போ என்ற கம்பி அடுக்கில் சுட்டுச் சீவும் மெக்சிகோ நாட்டுப் பன்றிக்கறி. ஸ்பானிஷில் ட்ரோம்போ என்றால் பம்பரம். மெக்சிகோவில் சோள ரொட்டியில் கறி வைத்து மடித்துத் தரும் டாகோ கடைகளில் சிவப்பு மசாலாவில் ஊறிய பன்றிக்கறியைச் செங்குத்துக் கம்பியில் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் பெயர்க் காரணம் உடனே புரியும். லெபனான் பக்கமிருந்து போய்க் குடியேறியவர்களோடு போன ஷவர்மா கம்பிதான் இது. ஆட்டுக்கறி இருந்த இடத்துக்குப் பன்றிக்கறி வந்தது, கூடவே அச்சியோத்தே என்ற சிவப்பு விதையின் விழுது, குவாஹியோ என்ற மெக்சிகோ வற்றல் மிளகாய், உச்சியில் ஓர் அன்னாசி. வீட்டில் இதை மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டேன்.

ஓவன் முறைக்குச் செலவே இல்லை. இரண்டு விரல் கனத்தில் வெட்டிய அன்னாசித் துண்டைத் தட்டில் வைத்து, அதில் குச்சிகளைக் குத்தி, மெல்லிசாக வெட்டிய தோள்பட்டைக் கறியை அடுக்கிவிட்டால் போதும். 160 டிகிரியில் ஒன்றரை கிலோ வேக மூன்று மணி நேரம் பக்கம் ஆகும். கறி நன்றாக மெத்தென்று வரும், ஆனால் நாலா பக்கமும் ஒரே சூடு என்பதால் தன் சாற்றிலேயே வெந்த கறியாகத்தான் இருக்கும். சீவிய துண்டுகளைக் காய்ந்த தோசைக்கல்லில் புரட்டினால் கொஞ்சம் தேறும்.

கம்பி தானாகச் சுற்ற மோட்டார் வைப்பதுதான் பலருக்கு ஆசை. பார்பிக்யூவுக்கு விற்கும் மோட்டார்கள் படுக்கைவாட்டக் கம்பிக்குச் செய்தவை. நிமிர்த்தி வைத்தால் மொத்த எடையும் அதன் தலையில் இறங்கும். முதல் தடவை அடியில் பேரிங் வைக்காமல் ஓட்டினேன், அரை மணியில் முனகி நின்றுவிட்டது. பேரிங், கொழுப்பு சொட்டாமல் மறைக்க ஒரு தட்டு, வெல்டிங் கூலி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். நாலைந்து கிலோ கறி போட்டு ஊரையே கூப்பிடுகிறவர்களுக்குச் சரி.

என் ஓட்டு கரிக்குத்தான். ஒரு கனமான தட்டு, நடுவில் நிமிர்ந்து நிற்கும் எவர்சில்வர் கம்பி, பக்கத்தில் இரண்டு கம்பி வலைகளை நாலு அங்குல இடைவெளியில் நிறுத்தி நடுவில் அடுப்புக்கரி, அவ்வளவுதான். ஜிஐ கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம், வினிகரும் அன்னாசியும் சேர்ந்த புளிப்பு மசாலா அதன் துத்தநாகப் பூச்சைக் கரைத்துக் கறியில் சேர்த்துவிடும். நெருப்பு கீழே இல்லாமல் பக்கத்தில் சுவர் மாதிரி நிற்பதால் கொழுப்பு கரியில் சொட்டிப் புகை கிளப்பாது, கறியின் மேலேயே வழிந்து இறங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்று திருப்புங்கள். செங்கல் நிறத்தில் இருந்த விளிம்புகள் முதலில் கொப்பளித்து, அப்புறம் சுருண்டு, நுனி மட்டும் கறுக்கும்போது கத்தியை மேலிருந்து கீழே இழுத்தால் காகிதம் போல விழும் பாருங்கள், அந்த ஓரத்துக்காகத்தான் இத்தனை பாடும். மோட்டார் செய்யும் வேலையைக் கை செய்துவிடும், மெக்சிகோவிலேயே பல கடைகளில் கையால்தான் திருப்புகிறார்கள். பக்கவாட்டு நெருப்பின் வேலையைத்தான் வேறு எதாலும் செய்ய முடியாது.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கடையில் கறி மளமளவென்று தீர்ந்துவிடும். வீட்டில் நாம் பேசிக்கொண்டே சாப்பிடுவோம், உள்ளே இருக்கும் கறி மணிக்கணக்கில் அரைச்சூட்டில் கிடக்கும், அது ஆபத்து. சீவியதைக் கல்லில் ஒரு புரட்டு புரட்டித்தான் பரிமாறுகிறேன். எல்லாரும் ஒரு சுற்று சாப்பிட்டதும் மிச்சத்தைக் கம்பியோடு தூக்கி ஓவனுக்குள் வைத்து, நடுவில் 70 டிகிரி தாண்டும்வரை விட்டுவிடுகிறேன். அதனால் பட்டறைக்குக் கம்பி வெட்டப் போகும்போதே உங்கள் ஓவனின் உள் உயரத்தை அளந்துகொண்டு போங்கள்.