மெஜானா, லார்சாக்கா?

தென் பிரான்சின் சுண்ணாம்புக்கல் பீடபூமிகளான மெஜான், லார்சாக் இரண்டில் ஒன்றில்தான் நடக்க நேரம் இருக்கிறது என்றால், என் ஓட்டு மெஜானுக்கு. கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரம். கிழக்குப் பாதியில் மரமே அபூர்வம், கண்ணுக்கு எட்டிய வரை புல்தான். ஜோந்த் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நடந்தால், 1980களில் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட பிணந்தின்னிக் கழுகுகள் நம் காலுக்குக் கீழே வட்டமிடும்! தண்ணீர்தான் தொல்லை. பெய்யும் மழையெல்லாம் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடும். இரண்டு லிட்டராவது சுமந்து போங்கள். பள்ளத்தாக்கிலிருந்து ஏறினால் மூச்சு வாங்கும்.

லார்சாக்கிலும் அதே வறட்சிதான். ஆனால் மேலே போய்விட்டால் பெரிய ஏற்றமில்லை; குழந்தைகளோடு போகலாம். டெம்ப்ளர் வீரர்களின் (இடைக்காலக் கிறிஸ்தவப் போர்த்துறவிகள்) கோட்டையுள்ள லா கூவெர்த்துவாராத் கிராமம், ஆடுகளுக்காகக் கல் பாவிய குட்டைகள், அப்புறம் ரோக்ஃபோர் சீஸுக்குப் பால் தரும் செம்மறி மந்தைகள். (அந்தச் சீஸின் வாசனை எல்லோருக்கும் ஒத்துவராது.) ஜூலை வெயிலில் மட்டும் இரண்டுமே வேண்டாம்.